தகப்பன் மகன் முகாமுக்கு உதவப் போகும் மிஷனெரி குடும்பத்துக்கு

குஜராத்தின் டாங்ஸ் மாவட்டத்தில் 11 வருடமாக இருக்கிறோம். எங்கள் பக்கத்துச் சபைகள் ஒன்றுசேர்ந்து மே மாதத்தில் தகப்பன்மாருக்கும் மகன்களுக்கும் ஒரு முகாம் நடத்துகின்றன. இரண்டு இரவு, மூன்று பகல். நடத்துவது உள்ளூர்ப் போதகர்களும் மூப்பர்களும். நாங்கள் உதவிக்குப் போகிற குடும்பம். இதுவரை ஆறு முகாம் பார்த்துவிட்டோம். வேறு பணித்தளங்களில் இருக்கிற சகோதரிகள் சிலர், "அக்கா, எங்க பக்கமும் இப்படி ஒண்ணு வைக்கலாம்னு இருக்கோம், நாங்க என்ன செய்யணும்?" என்று ஃபோனில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். அம்மாக்கள் இல்லாத முகாம்தான். ஆனால் அடுப்படியில் நிற்கிறவளுக்கு மைதானம் முழுக்கத் தெரியும்.

முதலில் தேதி

தேதி சரியாக அமையாவிட்டால் மற்றது எதுவும் அமையாது. தீபாவளி முடிந்ததும் இந்த மலையிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்டக் கீழே இறங்குகிறார்கள். சூரத், பர்தோலி, நவ்சாரி பக்கம் சர்க்கரை ஆலைகள் நிறைய. கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு 'கொய்தா'. கொய்தா என்பது கரும்பு வெட்டும் அரிவாள். ஆள் கணக்கும் அந்தப் பெயரில்தான். முகாதம் என்கிற மேஸ்திரி முன்பணம் கொடுத்து அழைத்துப் போவார். வயலோரம் பிளாஸ்டிக் தாள் மூடிய குடிசையில் ஐந்தாறு மாதம் இருக்க வேண்டும். கூலி டன் கணக்கு. லாரி நடுராத்திரி வந்தாலும் எழுந்து கட்டுகளைத் தலையில் தூக்கி ஏற்ற வேண்டும். கைக்குழந்தைகளைக் கூடவே கொண்டுபோவார்கள். பள்ளிக்கூடம் போகிற பையன்கள் ஆசிரமப் பள்ளி விடுதியில் தங்கிவிடுவார்கள். ஆசிரமப் பள்ளி என்பது பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளி.

ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ குடும்பங்கள் திரும்பி வரும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். ஜூன் பாதியில் மழை இறங்கிவிட்டால் தகப்பனுக்கு நாற்றும் உழவும், பையனுக்குப் பள்ளிக்கூடம். ஆக, இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது மே மாதம் மட்டும். அந்த மாதத்தில்தான் கல்யாணங்களும் வரும். அதனால் மார்ச்சிலேயே சபை சபையாகப் போய், எந்த வீட்டில் கல்யாணம், எந்தக் குடும்பம் இன்னும் கீழே இருக்கிறது என்று மூப்பர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் அது செங்கல் சூளையாக இருக்கலாம், தேயிலைத் தோட்டமாக இருக்கலாம், திருப்பூர் வேலையாக இருக்கலாம். தகப்பன் எப்போது வீட்டில் இருக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு தேதி வையுங்கள். பேச்சாளருக்கு வசதியான தேதியைப் பார்த்து வைத்தால் பாதிப் பையன்கள் தனியாக வந்து நிற்பார்கள். நாங்கள் பார்த்திருக்கிறோம்.

எண்ணிக்கையை 20 ஜோடிக்கு மேல் விடாதீர்கள். எங்களுக்கு வழக்கமாக 18 தகப்பன்மார், 22, 23 பையன்கள். வயது 9 முதல் 15 வரை. அதற்குமேல் கூட்டம் சேர்ந்தால் அது கன்வென்ஷன் ஆகிவிடும். கன்வென்ஷன் நல்லதுதான், ஆனால் அதற்கு வேறு நாள் இருக்கிறது.

உங்கள் மகனும் ஒரு மகன்

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் மூத்தவன் ஆறாம் வகுப்பிலிருந்து திருநெல்வேலி மாவட்டத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். பணித்தளத்தில் இருக்கிற எத்தனையோ வீடுகளின் கதை இது. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிய காலம் முதல் நெல்லைச் சபைகள் வெளியிடங்களுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளின் படிப்பு என்ற கேள்விக்கு மட்டும் இன்றும் லேசான பதில் கிடைக்கவில்லை. அவன் எங்களிடம் வருவது மே மாதத்தில். சூரத் வரை ஒன்றரை நாள் ரயில், அங்கிருந்து எங்கள் மாவட்டத் தலைநகரான ஆஹ்வாவுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் பேருந்து. யோசித்துப் பாருங்கள், விடுதியில் இருந்துவிட்டு மே மாதத்தில் தகப்பனைப் பார்க்கிற டாங்ஸ் பையனுக்கும் எங்கள் பையனுக்கும் என்ன வித்தியாசம்?

முதல் முகாமின்போது அவனுக்கு 11 வயது. என் கணவர் அதிகாலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தார். ஜெனரேட்டருக்கு டீசல், தண்ணீர் டேங்கர், மைக், ஒரு தகப்பனுக்குக் காய்ச்சல், பிறகு இரவுக் கூட்டத்தில் செய்தி. அந்தச் செய்தி தகப்பனின் அன்பைப் பற்றியது. நன்றாகத்தான் பேசினார். நான் பாத்திரம் கழுவ விளக்கை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போனேன். அரிசி மூட்டைமேல் தலை வைத்துப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மறுநாள் காலையில், "ஏம்ல அங்க படுத்த?" என்று கேட்டேன். "எல்லாரும் அவங்கவங்க அப்பா பக்கத்துல படுத்தாங்கம்மா" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டான்.

அன்று இரவே நானும் கணவரும் பேசி ஒரு முடிவு எடுத்தோம். அதற்குப் பிறகு மாற்றவில்லை. உதவப் போகும் குடும்பத்தின் தகப்பன் முகாமில் வெறும் தகப்பன். மற்றவர்களைப் போலவே பதிவேட்டில் பெயர் எழுதி, தன் மகனோடு பாய் விரித்து, தன் மகனோடு தட்டு ஏந்தி நிற்க வேண்டும். செய்தி கொடுப்பது, சாவி வைத்திருப்பது, கணக்கு எழுதுவது எதுவும் அவர் கையில் இருக்கக்கூடாது. இதை முகாமுக்கு முன்பே உள்ளூர் மூப்பர்களிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் மூப்பர்களுக்கு முதலில் அது புரியவில்லை, ஐயாவுக்கு எங்கள்மேல் வருத்தமோ என்று நினைத்தார்கள். காரணத்தைச் சொன்னதும் ஒரு பெரியவர், "அப்ப அந்தச் சாவியை என்கிட்ட குடுங்க" என்று கை நீட்டினார். இன்றுவரை சாவி அவரிடம்தான். வேலை ஒன்றும் நின்றுபோகவில்லை, இன்னும் நன்றாகவே நடக்கிறது.

மகள் இருந்தால் அவளையும் நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சின்னவளுக்கு 8 வயதில், "நான் ஏன் வரக்கூடாது?" என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. முகாம் முடிந்த மறு சனிக்கிழமை அப்பாவோடு சாபுதாரா மலைவாசத்தலத்துக்குப் போகலாம் என்று தேதி குறித்துக் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்தோம். வாக்கு கொடுத்தால் அந்த நாளை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்பா இல்லாத பையன்

ஒவ்வொரு முகாமிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். தகப்பன் இறந்துபோனவன், தகப்பன் விட்டுவிட்டுப் போனவன், தகப்பன் குடியில் கிடப்பதால் அம்மா அனுப்பிவைத்தவன். இவர்களை வரச் சொல்லாமல் இருப்பது எளிது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

முகாமுக்கு மூன்று வாரம் முன்பே ஒவ்வொருவனுக்கும் ஓர் ஆளைப் பேசி வையுங்கள். தாய்மாமா, சித்தப்பா, மூப்பர், பக்கத்து வீட்டு அண்ணன், யாராக இருந்தாலும் பையனுக்கு ஏற்கெனவே தெரிந்தவராக இருக்க வேண்டும். முகாமுக்கு முன்னால் ஒரு தடவையாவது அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் பேசியிருக்க வேண்டும். சொந்த மகனையும் கூட்டிவருகிறவரிடம் இவனையும் சேர்த்துக் கட்டாதீர்கள். முன்பு ஒரு முறை செய்தோம். அந்தப் பையன் இரண்டு நாளும் ஒரு அடி பின்னாலேயே நடந்தான்.

பதிவேட்டில் ஒரு சின்ன விஷயம். மேசையில் உட்காருகிறவர் "உன் அப்பா பேர் என்ன?" என்று கேட்கக் கூடாது. "யாரோட வந்திருக்க?" என்று கேட்க வேண்டும். எல்லாப் பையன்களிடமும் இதே கேள்விதான். முதல் முகாமில் மேசையில் நான்தான் இருந்தேன், அப்பா பேர்தான் கேட்டேன். ஒரு பையன் பதில் சொல்லாமல் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை.

கடிதங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1998 கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்த மாவட்டத்தில் ஜெபக்கூடங்கள் எரிக்கப்பட்டன. அதைப் பார்த்தவர்கள் இன்னும் எங்கள் சபைகளில் இருக்கிறார்கள். கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றுவதைத் தடுக்கிற 2003-ன் குஜராத் மதச் சுதந்திரச் சட்டமும் இருக்கிறது. எனவே முகாம் சபைக் குடும்பங்களுக்கு மட்டும்தான். எந்த இடம், எந்த நாட்கள், எத்தனை பேர் என்று பஞ்சாயத்துக்கும் காவல் நிலையத்துக்கும் உள்ளூர்ச் சபையின் பெயரில் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். கடிதத்தில் மிஷனெரியின் பெயர் முன்னால் வர வேண்டியதில்லை. அம்மா, அப்பா இருவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். கைநாட்டு போதும், ஆனால் எழுதியிருப்பதை அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள். பையன்களின் முகம் தெரிகிற படத்தை வாட்ஸ்அப்பிலோ ஜெபக் கடிதத்திலோ போடாதீர்கள்.

படுக்கை ஏற்பாடும் இதோடு சேர்ந்ததுதான். ஒவ்வொரு பையனும் தன் தகப்பன் பக்கத்தில் படுக்க வேண்டும். தகப்பன் இல்லாத பையன்களும் அவர்களோடு வந்தவர்களும் மூப்பர்கள் இருவர் இருக்கிற கூடத்தில் படுப்பார்கள். எந்தப் பெரியவரும் வேறு வீட்டுப் பையனைத் தனியாக எங்கும் அழைத்துப் போகக் கூடாது. நம் கணவர்மாருக்கும் இது பொருந்தும்.

அடுப்பும் தண்ணீரும்

முதல் வருடம் நான் சாம்பார் வைத்தேன், பருப்பும் காயும் போட்டு மணக்க மணக்க. மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். இரவு பத்து மணிக்கு இரண்டு தகப்பன்மார் மெதுவாக வந்து, "ரொட்லா ஏதும் இருக்கா?" என்று கேட்டார்கள். இங்கே சாப்பாடு என்றால் நாக்லி ரொட்லாவும் உளுந்தும்தான். நாக்லி என்பது நம் கேழ்வரகு. மாவை வெந்நீரில் பிசைந்து, உள்ளங்கையால் தட்டி, ஓட்டுச் சட்டியில் சுட வேண்டும். நான் இரண்டு வருடம் தட்டியும் ஓரம் விரிசல் விட்டுக்கொண்டே இருந்தது. அதனால் சபைச் சகோதரிகள் நாலு பேர் அடுப்பில், நான் சாமான் அறையில். நம் கைப்பக்குவத்தைக் காட்ட வேறு சமயம் வரும்.

அளவு சொல்கிறேன், 45 பேருக்கு. ஒருவருக்கு ஒரு வேளைக்கு இரண்டு ரொட்லா என்றால் 9 கிலோ மாவு. உளுந்து ஒரு வேளைக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல். சோறு வைத்தால் 7 கிலோ அரிசி. மொத்தம் 7 வேளை. அதில் ரொட்லா 4 வேளை, மீதி சோறும் காலையில் அவலும். வீட்டுக்கு 2 கிலோ நாக்லி, அரைக் கிலோ உளுந்து என்று 18 வீட்டில் கொண்டுவந்தால் ரொட்லாவும் உளுந்தும் சரியாக வந்துவிடும். முழுவதையும் நாமே வாங்கிக் கொடுக்கக் கூடாது. தன் வீட்டு நாக்லியைத் தோளில் சுமந்து வருகிற தகப்பன் விருந்தாளி மாதிரி ஓரமாக உட்காருவதில்லை. அரிசி, எண்ணெய், டீத்தூள், சர்க்கரை, இரண்டாம் இரவுக்கு 9 கிலோ கோழி இவை மட்டும் எங்கள் பங்கு.

அந்த இரண்டாம் இரவு அடுப்படியை மூடிவிடுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் மாவு, கோழி, உப்பு, மிளகாய், பூண்டு கொடுத்துவிட்டால் போதும். மூன்று கல் வைத்து அவர்களே சமைத்துக்கொள்வார்கள். கரும்பு வயலில் இருந்த ஆண்களுக்கு ரொட்லா தட்டத் தெரியும் என்பது பல பையன்களுக்கே தெரியாது. அப்பா மாவு தட்டுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தண்ணீர்தான் கஷ்டம். மழைக்காலத்தில் கொட்டுகிற இந்த மலையில் மே மாதம் ஆறு குட்டை குட்டையாக நிற்கும். குடிக்க மட்டும் ஆளுக்கு 5 லிட்டர், சமைக்கவும் கழுவவும் அதே அளவு. நாளுக்கு 500 லிட்டர் என்று வைத்துக்கொண்டு டேங்கரை முந்தின நாளே வரச் சொல்லுங்கள். குடிநீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 30 வையுங்கள், ஒரு பாக்கெட்டுக்கு 1 லிட்டர் தண்ணீர் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். தேளும் பாம்பும் உண்டு. உதறாத போர்வையில் யாரும் படுக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறது என்று பகலிலேயே நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது புளியமரத்துக்குப் பின்னால் இருக்கிற மேடு.

கைவேலை

எங்கள் முதல் இரண்டு முகாமிலும் நிகழ்ச்சி நிரல் நிறையக் கூட்டங்கள் இருந்தன. பாட்டு, செய்தி, குழுவாக உட்கார்ந்து கலந்துரையாடல். "உங்கள் மகனிடம் மனம்விட்டுப் பேசுங்கள்" என்று சொல்லி 20 நிமிடம் கொடுத்தோம். அடுப்படியிலிருந்து பார்த்தேன். 18 ஜோடியும் மரத்தடியில் உட்கார்ந்து புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதம் பார்க்காத இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசு என்றால் எப்படிப் பேசுவார்கள்?

மூன்றாம் முகாமில் ஒரு மூப்பர்தான் மீன் பறி செய்யச் சொல்லலாம் என்றார். இந்த மலையில் முதல் மழைத் தண்ணீர் ஓடையில் இறங்கியதும் மீன் எதிரேறி வரும். அதைப் பிடிக்க அப்போது வைக்கிற மூங்கில் கூடுதான் பறி. நம் ஊர் ஆற்றோரக் கிராமங்களிலும் முன்பு இருந்ததுதான். கரும்புக்குப் போக ஆரம்பித்த பிறகு இங்கே பல தகப்பன்மார் அதைச் செய்வதை விட்டிருந்தார்கள், ஆனால் கை மறக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டாம் நாள் காலை முழுவதும் பறிதான்.

முறை இதுதான். நன்றாக முற்றிய மூங்கில் ஒரு ஜோடிக்கு ஒன்று. சபையாரின் சொந்த நிலத்தில் நிற்கிற மூங்கிலாக இருக்க வேண்டும். காட்டு மூங்கிலில் கை வைக்காதீர்கள், வனத்துறையோடு வம்பு வேண்டாம். கை நீளத்துக்கு அறுத்து, கொய்தாவால் பிளந்து, சுண்டுவிரல் அகலத்துக்குச் சிம்புகள் எடுக்க வேண்டும். 40 சிம்பு தேவைப்படும். கணுவை வழித்துச் சீவாவிட்டால் கை கிழியும். மூங்கிலையே வளைத்து மூன்று வளையம் கட்டி, அதைச் சுற்றிச் சிம்புகளை நெருக்கமாக அடுக்கிக் கயிற்றால் பின்னிக்கொண்டே போனால் குழாய் மாதிரி வரும். வால் பக்கத்தைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும், மீன் எடுக்க அதை அவிழ்க்கலாம். வாய்ப் பக்கம்தான் நுணுக்கம். மெல்லிய சிம்புகளைக் கூர் சீவி, புனல் மாதிரி உள்பக்கம் பார்த்துக் கட்ட வேண்டும். மீன் தள்ளினால் உள்ளே விலகும், திரும்பி வந்தால் கூர் மறிக்கும்.

தனியாளாகச் செய்ய வராது. ஒருவர் வளையத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருவர் கட்ட வேண்டும். பிடித்திருப்பவன் கையை எடுத்தால் கட்டியதெல்லாம் சரியும். ஆகவே மூன்று மணி நேரம் பையனின் இரண்டு கையும் தகப்பனின் இரண்டு கையும் ஒரு சாண் இடத்துக்குள் இருக்கும். முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை, கண் வேலையில் இருக்கும். அப்படி இருக்கும்போதுதான் பேச்சு வருகிறது.

போன வருடம் அடுப்படிக்கு நேர் எதிரே ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. பையனுக்கு 12 வயது இருக்கும். அரை மணி நேரம் ஒரு வார்த்தை இல்லை. பிறகு அவன் தகப்பனின் வலது கையைப் பார்த்து, கட்டைவிரலுக்குக் கீழே காய்ப்புக் காய்ச்சியிருந்த இடத்தைத் தன் விரலால் அழுத்திப் பார்த்தான். கொய்தா பிடிக்கிற இடம். "வலிக்குமா?" என்றான். "முதல் மாசம் வலிக்கும். அப்புறம் தெரியாது." கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரி லாரி வந்தா யாரு எழுப்புவா?" அதற்கு அந்த மனிதர் பேச ஆரம்பித்தார். முகாதம் எப்படிக் கூப்பிடுவார், இருட்டில் கட்டை எப்படித் தேடுவார்கள், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம் என்ன ஆனது என்று பறி முடியும்வரை நிறுத்தவில்லை. நான் உளுந்து வேகவைத்த பானையைக் கிளற மறந்து அடிபிடித்துவிட்டது.

அந்த நேரத்தில் உதவியாளர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பக்கத்தில் போகாமல் இருப்பது. மைக்கில் பாட்டுப் போடாதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள். டீ கொண்டுபோனாலும் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கொய்தா தகப்பன் கையில் மட்டும், 12 வயதுக்குக் கீழே சிம்பு வழிப்பது சின்னக் கத்தியில் என்று தொடங்கும்போதே ஒரு முறை சொல்லி, மருந்துப் பெட்டியைக் கண்ணில் படும்படி வைத்தால் போதும். உங்கள் ஊரில் மூங்கில் இல்லையென்றால் கயிற்றுக் கட்டில் பின்னலாம், ஓலைப்பெட்டி முடையலாம், சைக்கிளைக் கழற்றி மாட்டலாம். இரண்டு விஷயம் பாருங்கள். தகப்பனுக்குக் கைவந்த வேலையாக இருக்க வேண்டும், இரண்டு பேர் இல்லாமல் முடியாததாக இருக்க வேண்டும்.

வேத பாடம்

நாளுக்கு இரண்டு முறை, 15 நிமிடத்துக்கு மேல் போகாமல், உள்ளூர்ப் போதகர் அவர்கள் பேச்சு மொழியில் சொல்லட்டும். தாள் கொடுத்து எழுதச் சொல்லாதீர்கள். விடுதியில் படிக்கிற பையன் குஜராத்தி சரளமாக வாசிப்பான், தகப்பன் எழுத்துக் கூட்டவும் சிரமப்படுவார். மகன் கண்முன் அவர் சிறுத்துப்போகும்படி எதையும் வைக்கக் கூடாது. கதையாகச் சொல்லுங்கள். உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் பிள்ளைகளோடு பேசச் சொல்லியிருப்பது வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும்தான். அதைச் சொல்லிவிட்டு நடக்கவிட்டாலே பாதி பாடம் முடிந்தது.

கடைசிக் காலையில் தகப்பன் மகன் தலையில் கை வைத்து ஜெபிக்கும் நேரம் உண்டு. திடீரென்று செய்யச் சொன்னால் இவர்கள் திகைத்துப்போவார்கள், தங்கள் தகப்பன் அப்படிச் செய்து பார்த்ததே இல்லை. முந்தின இரவு தகப்பன்மாரை மட்டும் கூட்டி, மாற்கு 1-ல் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது பிதா சொன்னதைப் போதகர் விளக்குவார். அப்போது இயேசு ஓர் அற்புதமும் செய்திருக்கவில்லை, ஆனாலும் பிதா அவர்மேல் பிரியம் என்றார். அதிலிருந்து ஒரே ஒரு வரியைக் கற்றுக்கொடுப்பார்: "நீ என் மகன். உன்னைப் பார்த்தா எனக்குச் சந்தோஷம்." அது போதும், நீளமான ஜெபம் வேண்டாம். ஒரு வருடம் விடியற்காலையில் நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது ஒரு தகப்பன் டேங்கருக்குப் பின்னால் நின்று அந்த வரியைத் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குடத்தை வைக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

முகாமுக்குப் பிறகு

பறியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், முகாமில் கண்காட்சி வைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் மூப்பர் ஒருவர் ஒரு நடை போய்வரட்டும். தகப்பன் இல்லாத பையனின் வீட்டுக்கு அவனோடு வந்தவரே போக வேண்டும். அவர் முதல் மழையில் பறி வைக்க அவனைக் கூட்டிப்போவதாக ஒப்புக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. பள்ளி திறந்து பையன் விடுதிக்குப் போனதும் தகப்பனிடம் விடுதியின் ஃபோன் நம்பரும் பேசுகிற நேரமும் எழுதிய தாள் இருக்க வேண்டும். எண்கள் மட்டும் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

என் கணவரும் மூத்தவனும் போன மே மாதம் செய்த பறி கொஞ்சம் கோணல். பிடித்திருந்த கையை அவன் இரண்டு முறை விட்டுவிட்டான். மே கடைசியில் அவனை ரயில் ஏற்றிவிட்டோம். பறி வராந்தாவில் தொங்கியது. ஜூன் பாதியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மழை இறங்கியது. இவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய் வைத்துவிட்டு, நனைந்து வந்து படுத்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடுதியில் பையன்களோடு பேச எங்களுக்கு 10 நிமிடம் கொடுப்பார்கள். வழக்கமாக மார்க், சாப்பாடு, காய்ச்சல் இருக்கா, ஜெபம் பண்ணினியா என்று நான்தான் கேட்பேன், மூன்று நிமிடத்தில் அவனுக்குப் பேச்சு தீர்ந்துவிடும். அன்று ஃபோனை என்னிடம் தரவே இல்லை.

"அப்பா, வாயை எந்தப் பக்கம் வச்சீங்க?"

"ஓடை இறங்குற பக்கம்ப்பா. மீன் கீழேருந்துதானே ஏறும்."

"கல்லு வச்சு அண்டை கொடுத்தீங்களா? நம்ம பறி கோணல், புரண்டுரும்."

"மூணு கல்லு. ரெண்டு பக்கமும் முளை அடிச்சேன்."

"எத்தன?"

"ஏழு. ஒரு நண்டு."

"நண்டு எப்படிப்பா உள்ள போச்சு?"

மணி அடிக்கும்வரை நண்டைப் பற்றித்தான் பேசினார்கள்.